தோள்மூட்டை ஏற்றும்போது தூக்க மருந்து: மயக்க மருத்துவர் இல்லாத இரவில் எது பாதுகாப்பானது?

கேள்வி
பதிவிட்டவர்: ஒற்றியூர் இரவுப்பணி

அனைவருக்கும் வணக்கம். திருவொற்றியூர் நெடுஞ்சாலையை ஒட்டிய சிறிய தனியார் மருத்துவமனை ஒன்றில் இரவுப் பணி மருத்துவராக இருக்கிறேன். படித்தது எம்.பி.பி.எஸ். மட்டும். மேம்பட்ட இதய உயிர்காப்புப் பயிற்சி முடித்திருக்கிறேன்; மயக்கவியலில் தனிப் பயிற்சி கிடையாது.

எங்கள் பகுதியில் மூட்டு விலகி வருபவர்கள் அதிகம். காசிமேட்டில் விசைப்படகின் விஞ்சுக் கயிறு கையைச் சுண்டி இழுத்துத் தோள் இறங்கியவர்கள், எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிக்கு ஒதுங்கப் போய் வண்டியோடு சாய்ந்தவர்கள், வியாசர்பாடியில் கால்பந்து ஆடும் பிள்ளைகள் எனப் பலரும் இரவில்தான் வந்து சேர்கிறார்கள். எங்களுக்கான மயக்க மருத்துவர் பெரம்பூரில் இருக்கிறார். அழைத்தால் வருவார், ஆனால் வந்து சேரக் குறைந்தது முக்கால் மணி நேரம் ஆகும்.

அண்மையில் 34 வயது மீனவர் ஒருவர் வலது தோள் முன்பக்கமாக இறங்கிய நிலையில் வந்தார். வருவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பு வயிறு நிறையச் சாப்பிட்டிருந்தார்; கொஞ்சம் மதுவும் அருந்தியிருந்தார். எக்ஸ்ரேயில் எலும்பு முறிவு இல்லை. மணிக்கட்டில் நாடி நன்றாக இருந்தது, தோளின் வெளிப்புறத்தில் தொடு உணர்வும் இருந்தது. மயக்க மருத்துவர் வரும்வரை காத்திருந்து, அவர் மருந்து கொடுக்க, மூட்டை ஏற்றினோம். நல்லபடியாக முடிந்தது.

மறுநாள் பகல் பணிக்கு வந்த மூத்தவர், ‘ஒரு தோளுக்கு இவ்வளவு நேரம் காத்திருப்பதா? பென்டசோசின், புரோமெத்தசின், டயசிபாம் மூன்றையும் போட்டு நீங்களே இழுத்திருக்கலாமே’ என்றார். பல இடங்களில் அப்படித்தான் நடக்கிறது என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் இரவில் என்னுடன் இருப்பது ஒரு செவிலியரும் ஓர் உதவியாளரும் மட்டுமே. எங்கள் மானிட்டரில் இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் ஆக்சிஜன் செறிவும் தெரியும், கேப்னோகிராபி (வெளிவிடும் மூச்சில் உள்ள கரியமில வாயுவைக் காட்டும் கருவி) இல்லை.

இந்த நிலையில் எந்த நோயாளிக்கு நானே தூக்க மருந்து கொடுத்து மூட்டை ஏற்றலாம், யாருக்குக் கொடுக்கவே கூடாது, எந்த மருந்தை எந்த அளவில் கொடுப்பது பாதுகாப்பு, சாப்பிட்டுவிட்டு வந்தவரை என்ன செய்வது என்பதை அனுபவமுள்ளவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

---

பதில் 1
பதிவிட்டவர்: மயக்கவியல், பெரம்பூர்

டாக்டர், நீங்கள் காத்திருந்தது சரி. மருந்துப் பெயர்களுக்குப் போகும் முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மருந்து கொடுத்து மூச்சைக் கவனிப்பவரும் மூட்டை இழுப்பவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது. எந்த மருந்தாக இருந்தாலும், எவ்வளவு குறைந்த அளவாக இருந்தாலும் இதில் விலக்கு கிடையாது. தோளை இழுப்பவரின் கண்ணும் கையும் தோளில்தான் இருக்கும், அவர் எத்தனை திறமைசாலியாக இருந்தாலும். அந்த இரண்டு மூன்று நிமிடங்களில் நோயாளியின் தாடை பின்னால் சரிந்து காற்றுப்பாதை அடைபட்டால், அவருக்குத் தெரியும்போது ஆக்சிஜன் செறிவு ஏற்கெனவே கீழே போயிருக்கும்.

தூக்க நிலை என்பது இலேசான அமைதி, மிதமான தூக்கம், ஆழ்ந்த தூக்கம், முழு மயக்கம் எனப் பிரித்துப் பாடப் புத்தகத்தில் எழுதப்பட்டிருக்கிறது. நோயாளியின் உடல் அந்தக் கோடுகளைப் பார்த்து நிற்பதில்லை. மிதமான தூக்கத்தை எண்ணிக் கொடுத்த மருந்து ஆழ்ந்த தூக்கத்தில் கொண்டுபோய் விடலாம். ஆகவே எந்த நிலையை நோக்கிக் கொடுக்கிறோமோ, அதற்கு அடுத்த ஆழமான நிலையிலிருந்து நோயாளியை மீட்டெடுக்கும் திறமை கொடுப்பவருக்கு இருந்தாக வேண்டும். ஆம்பு பையை வைத்து முகமூடியை ஒரு கையால் இறுக்கிப் பிடித்து மூச்சுக் கொடுக்க வருகிறதா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். தாடியுள்ளவருக்கும் பல் இல்லாத முதியவருக்கும் கழுத்துக் குட்டையான பருமனானவருக்கும் அது எவ்வளவு கடினம் என்பது செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒரு வாரம் அறுவை அரங்கில் வந்து நில்லுங்கள். நாங்கள் மகிழ்ச்சியோடு சொல்லித் தருவோம்.

மூட்டு விலகலுக்கே உரிய ஆபத்து ஒன்று உண்டு. அதை நம் ஊரில் போதிய அளவு யாரும் பேசுவதில்லை. மூட்டு வெளியே இருக்கும்வரை வலி நோயாளியை விழிப்பிலேயே வைத்திருக்கும். மருந்து மூச்சை அடக்கப் பார்த்தாலும் வலி அதைத் தூண்டிக்கொண்டே இருக்கும். எலும்பு ‘டக்’ என்று உள்ளே ஏறிய நொடியில் அந்தத் தூண்டல் அறுந்துபோகிறது. மருந்தோ அப்போதும் ரத்தத்தில் முழு அளவில் இருக்கிறது. இழுக்கும்போது கத்திக்கொண்டிருந்தவர் அடுத்த நிமிடமே மூச்சு விடாமல் கிடப்பது இதனால்தான். அறையில் அந்த நேரத்தில் நடப்பதை எண்ணிப் பாருங்கள். எல்லோர் முகத்திலும் நிம்மதி. ஒருவர் ஸ்லிங்கை (கையைத் தாங்கும் தொங்கு கட்டு) தேடுகிறார், ஒருவர் எக்ஸ்ரே எழுதுகிறார், ஒருவர் வெளியே போய் உறவினரிடம் ‘ஏறிடுச்சு’ என்று சொல்கிறார். தலைமாட்டில் யாரும் இல்லை. இந்த 10 நிமிடங்களுக்குத்தான் முழு எச்சரிக்கையும் தேவை.

உங்கள் மூத்தவர் சொன்ன கலவையைப் பற்றி இரண்டு வார்த்தை. பென்டசோசினின் வேலை மூன்று நான்கு மணி நேரம் நீடிக்கும், புரோமெத்தசினின் மந்தம் அதற்கும் மேல். டயசிபாம் உடலில் நாள்கணக்கில் தங்கக்கூடியது. மூட்டை ஏற்றும் வேலை ஐந்து நிமிடம். ஐந்து நிமிட வேலைக்கு இரவு முழுதும் மூச்சை அடக்கும் மருந்து எதற்கு? போதாக்குறைக்குப் புரோமெத்தசின் ரத்தக்குழாயிலிருந்து வெளியே கசிந்தால் திசு அழுகி விரலையே இழக்க நேரிடலாம். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதற்காக 2009-இல் மிகக் கடுமையான எச்சரிக்கையை அந்த மருந்தின் மீது அச்சிட வைத்தது. அந்தக் கலவையை மறந்துவிடுங்கள்.

தூக்க மருந்தான மிடசோலமும் வலி மருந்தான ஃபென்டனிலும் சேர்த்துக் கொடுப்பதைப் பலர் பாதுகாப்பானது என்று நினைக்கிறார்கள். 1990-இல் வெளிவந்த ஓர் ஆய்வில் நலமாக இருந்த 12 தன்னார்வலர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். மிடசோலம் மட்டும் கொடுத்தபோது மூச்சில் பெரிய பாதிப்பு இல்லை. இரண்டும் சேர்ந்தபோது 11 பேருக்கு ஆக்சிஜன் குறைந்தது, 6 பேருக்கு மூச்சே நின்றது. அவர்கள் மது அருந்தியிருக்கவில்லை என்பதையும் நினைவில் வையுங்கள். நீங்கள் சொன்ன மீனவருக்கு அந்த இரண்டோடு மதுவும் சேர்ந்திருக்கும்.

கேப்னோகிராபி இல்லாமல் புரோபோபால் என்ற மயக்க மருந்து வேண்டாம். ஆக்சிஜன் கொடுத்துக்கொண்டிருக்கும் நோயாளிக்கு மூச்சு நின்ற பிறகும் செறிவு எண் சிறிது நேரம் 99 என்றே காட்டிக்கொண்டிருக்கும். அவசரப்பிரிவில் புரோபோபால் கொடுக்கப்பட்டவர்களிடம் நடத்தி 2010-இல் வெளியான ஆய்வில், கேப்னோகிராபி பார்த்துக்கொண்டே செய்தவர்களில் 25 விழுக்காட்டினருக்கும் பார்க்காமல் செய்தவர்களில் 42 விழுக்காட்டினருக்கும் ஆக்சிஜன் குறைந்தது. உங்கள் நிர்வாகத்திடம் இந்த இரண்டு எண்களையும் காட்டிக் கேளுங்கள்.

---

பதில் 2
பதிவிட்டவர்: அவசரப்பிரிவு, தண்டையார்பேட்டை

மயக்கவியல் சார் சொன்ன அனைத்தையும் ஏற்கிறேன். எனக்கு அதற்கும் முந்தைய கேள்வி ஒன்று உண்டு. அந்த மீனவருக்குத் தூக்க மருந்து தேவைப்பட்டதா?

தோள் விலகல்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் முன்பக்க விலகல்தான். அவற்றில் கணிசமானவற்றைத் தூக்க மருந்தே இல்லாமல் ஏற்றிவிடலாம். தடையாக இருப்பது பெரும்பாலும் தசையின் இறுக்கம். அந்த இறுக்கத்தை உண்டாக்குவது வலியும் பயமும். காலை அக்குளில் வைத்து இழுக்கும் பழைய முறையில் அந்தப் பயம் இரட்டிப்பாகிறது.

கன்னிங்காம் முறையை முயன்று பாருங்கள். நோயாளியை நாற்காலியில் நிமிர்ந்து உட்கார வையுங்கள். விலகிய கையை உடலோடு ஒட்டி, முழங்கையை மடக்கி, அவருடைய கையை உங்கள் தோள் மீது வைத்துக்கொள்ளுங்கள். மார்பை விரித்துத் தோள்பட்டைகளைப் பின்னால் தள்ளி உட்காரச் சொல்லுங்கள். பிறகு கழுத்தோரத் தசை, தோள் தசை, புயத்தின் முன்தசை என்று வரிசையாகப் பிடித்துவிடுங்கள். இழுக்கவே கூடாது. நோயாளி நம்பித் தளர்ந்தால் சத்தம்கூட இல்லாமல் எலும்பு தானே ஏறிக்கொள்ளும். படுத்தே இருப்பவருக்கு ஃபேர்ஸ் முறை இருக்கிறது: கையை நீட்டி மெல்லிய இழுப்போடு மேலும் கீழும் சிறு அசைவாக ஆட்டிக்கொண்டே மெதுவாக வெளிப்பக்கம் கொண்டுபோக வேண்டும்; 90 பாகையைத் தாண்டியதும் கையை வெளிநோக்கித் திருப்பியபடி தொடர்ந்தால், 120 பாகையை நெருங்கும்போது பெரும்பாலும் ஏறிவிடும்.

இது பலிக்கவில்லை என்றால் அடுத்தது மூட்டுக்குள் மரத்துப்போகச் செய்யும் லிக்னோகெயின் ஊசி. தோள் இறங்கியதால் தோள்முனை எலும்புக்குக் கீழே வெளிப்புறத்தில் ஒரு பள்ளம் தெரியும். அந்த எலும்பின் ஓரத்திலிருந்து ஏறத்தாழ 2 செ.மீ. கீழே, தோலை நன்றாகச் சுத்தம் செய்து, ஊசியை உள்ளே செலுத்தி, தேங்கிய ரத்தத்தை உறிஞ்சி எடுத்துவிட்டு, 1 விழுக்காடு லிக்னோகெயினை 20 மி.லி. வரை மெதுவாகச் செலுத்தலாம். 20 மி.லி. என்பது 200 மி.கி.; எடை குறைந்தவருக்கு கிலோவுக்கு 3 மி.கி. என்று கணக்கிட்டுக் குறையுங்கள். 2 விழுக்காடு குப்பியை எடுத்துவிட்டால் அளவு இரட்டிப்பாகிவிடும் என்பதால் குப்பியின் மேல் எழுதியிருப்பதை வாய்விட்டுப் படியுங்கள். ஊசி போட்டதும் இழுக்கத் தொடங்காமல் 15 முதல் 20 நிமிடம் வரை பொறுங்கள். இந்த முறையையும் ரத்தக்குழாய் வழித் தூக்க மருந்தையும் ஒப்பிட்ட காக்ரேன் தொகுப்பாய்வு 2011-இல் வந்தது. மூட்டு ஏறுவதில் இரண்டுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. லிக்னோகெயின் போட்டவர்களுக்குப் பக்கவிளைவுகள் குறைவு, மருத்துவமனையில் இருந்த நேரமும் குறைவு. இரவில் ஒரே ஒரு மருத்துவரும் ஒரு செவிலியரும் இருக்கும் இடத்துக்கு இதைவிடப் பொருத்தமான வழி எனக்குத் தெரியவில்லை. சாப்பிட்டுவிட்டு, மது அருந்திவிட்டு வருபவருக்கும் இதுவே முதல் தேர்வு.

சாப்பாட்டைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். திட்டமிட்ட அறுவைக்குத் தெளிந்த நீர் அருந்தி 2 மணி நேரம், தாய்ப்பாலுக்கு 4, இலேசான உணவுக்கு 6 என்று கணக்கு வைத்திருக்கிறோம். அவசரப்பிரிவில் சிறு நேர வேலைக்குக் கொடுக்கும் தூக்க மருந்தை உண்ட நேரத்தை மட்டும் காரணம் காட்டித் தள்ளிப்போட வேண்டியதில்லை என்று அமெரிக்க அவசர மருத்துவர் கல்லூரி வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. அதற்காக அதை அனுமதிச் சீட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பது என் கருத்து. நாடி இல்லாத கையென்றால் வயிறு நிறைந்திருந்தாலும் உடனே ஏற்ற வேண்டும். நாடியும் உணர்வும் நன்றாக இருக்கும் தோளுக்கு, வயிறு நிறைய உண்டு மது வாடையோடு வந்தவரை ஆழ்ந்த தூக்கத்தில் ஆழ்த்தும் அவசியமே இல்லை.

இத்தனைக்குப் பிறகும் தூக்க மருந்துதான் வழி, தலைமாட்டில் நிற்கத் தகுதியான இரண்டாவது ஆள் இருக்கிறார் என்றால், நான் கெட்டமினைத்தான் சொல்வேன். வலியையும் போக்கும், மூச்சையும் தாடையின் பிடிப்பையும் பெரும்பாலும் காப்பாற்றி வைக்கும். பெரியவர்களுக்கு ரத்தக்குழாய் வழியாகக் கிலோவுக்கு 1 மி.கி. வீதம், ஒரு நிமிடத்துக்குக் குறையாமல் மெதுவாகக் கொடுக்க வேண்டும். வேகமாகத் தள்ளினால் கெட்டமினிலும் மூச்சு நிற்கும். ஒரு நிமிடத்தில் வேலை தொடங்கி 10 முதல் 20 நிமிடம் வரை நிற்கும். விழிக்கும்போது சிலர் குழம்பிக் கத்துவார்கள். மருந்து கொடுப்பதற்கு முன்பே ‘நல்ல கனவு வரும், பயப்பட வேண்டாம், நான் பக்கத்திலேயே இருக்கிறேன்’ என்று அமைதியாகச் சொல்லி, அறையில் சத்தத்தைக் குறைத்தால் அது பெரிதும் குறையும். மிக அரிதாகக் குரல்வளை இறுகிக்கொள்ளும். அப்போது பதறாமல் தாடையை முன்னே தள்ளி, காதுமடலுக்குப் பின்னுள்ள பள்ளத்தை இருபுறமும் அழுத்தி, ஆம்பு பையால் அழுத்தத்தோடு ஆக்சிஜன் கொடுக்க வேண்டும். இதய ரத்தக்குழாய் நோய் உள்ளவர், ரத்த அழுத்தம் கட்டுக்கடங்காதவர், மனச்சிதைவு நோய் உள்ளவர் ஆகியோருக்குக் கெட்டமினைத் தவிர்ப்பேன்.

---

பதில் 3
பதிவிட்டவர்: மூத்த செவிலியர், வண்ணாரப்பேட்டை

டாக்டருக்கு வணக்கம். மருந்து அளவைப் பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். அறையில் செவிலியர் செய்ய வேண்டியதைப் பற்றி எழுதுகிறேன்.

நாங்கள் மருந்தை உறிஞ்சுவதற்கு முன்பே சக்‌ஷனை இயக்கி, குழாய் முனையைத் தண்ணீரில் வைத்து இழுக்கிறதா என்று பார்த்துத் தலையணைக்கு அடியில் வைத்துவிடுவோம். ஆக்சிஜன் சிலிண்டரின் முள்ளைப் பார்ப்பது அடுத்தது. இரவில் பாதி காலியான சிலிண்டரை மாற்றும் சாவி யாரிடம் இருக்கிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். ஆம்பு பை, நோயாளியின் முகத்துக்குப் பொருந்தும் முகமூடி, வாய்க்குழாய், விளக்கு எரிகிற லாரிங்கோஸ்கோப், இரண்டு அளவுகளில் குழாய்கள் ஆகியவை பக்கத்து மேசையில் திறந்து இருக்க வேண்டும். பூட்டிய அலமாரியில் இருப்பது இல்லாததற்குச் சமம். வலி மருந்து, தூக்க மருந்து ஆகியவற்றின் வேலையை முறிக்கும் நலாக்சோனும் ஃப்ளூமாசெனிலும் மருந்தகத்தில் இருக்கிறதா என்று முன்பே கேட்டு வைக்க வேண்டும். அவற்றின் வேலை சீக்கிரம் தீர்ந்து நோயாளி மறுபடியும் மந்தமாவார் என்பதால், அவற்றைப் போட்டவரைக் குறைந்தது 2 மணி நேரம் அனுப்பவே கூடாது.

கெட்டமின் குப்பிகளில் ஒரு மி.லி.க்கு 50 மி.கி. இருப்பவையே எங்கள் பக்கம் அதிகம். அதை அப்படியே உறிஞ்சாமல், ஒவ்வொரு மி.லி. மருந்துக்கும் 4 மி.லி. சலைன் வீதம் சேர்த்து மி.லி.க்கு 10 மி.கி. ஆக்கி, சிரிஞ்சில் பிளாஸ்திரி ஒட்டி மருந்தின் பெயரையும் அளவையும் எழுதிவிடுவோம். 60 கிலோ எடை உள்ளவருக்கு 6 மி.லி. என்று மருத்துவர் சொன்னால் நான் ‘60 மில்லிகிராம்’ என்று திருப்பிச் சொல்வேன். அவர் ஆமாம் என்ற பிறகே கை நகரும். வென்ஃப்ளானை (மருந்து ஏற்றும் ஊசிக்குழாய்) விலகாத கையில்தான் போட வேண்டும், ரத்த அழுத்தப் பட்டையை அந்தக் கையில் கட்டக் கூடாது என்பதும் அவசரத்தில் மறந்துபோகிற விஷயங்கள். காலில் கட்டினால் வேலை நடக்கும்.

மீனவர்களிடம் நான் அடிக்கடி பார்ப்பது ஒன்று உண்டு. பனிக்கட்டியில் கை வைத்து மீனைத் தரம் பிரித்துவிட்டு நேரே வருபவர்களின் விரல்கள் சில்லிட்டுத் தோல் சுருங்கி இருக்கும். அந்த விரலில் ஆக்சிமீட்டரை மாட்டினால் அலை சரியாக வராமல் எண் தாவிக்கொண்டே இருக்கும். ‘மிஷின் சரியில்லை’ என்று சொல்லிக் கடந்துபோகாமல், வெந்நீரில் நனைத்த துணியால் விரலைச் சூடாக்கி, அலை சீராக வந்த பிறகே மருந்தைத் தொட வேண்டும். கறுத்த தோல் உள்ளவர்களுக்கு இந்தக் கருவி உண்மையான செறிவைவிடச் சற்றுக் கூடுதலாகக் காட்டக்கூடும் என்று இப்போது சொல்கிறார்கள். நம் மக்களில் பெரும்பாலோர் அந்த நிறம்தானே. அதனால் 94 என்று காட்டினால் நான் நல்ல எண் என்று எடுத்துக்கொள்வதில்லை.

கேப்னோகிராபி இல்லாத இடத்தில் கண்ணும் கையும்தான் கருவி. நெஞ்சின் மேல் ஒரு கையை வைத்திருப்பேன். முகமூடியின் உட்புறம் ஆவி படிந்து படிந்து மறைகிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பேன். நெஞ்சு ஏறி இறங்கியும் ஆவி படியவில்லை என்றால் காற்றுப்பாதை அடைபட்டிருக்கிறது என்று பொருள். உடனே தாடையைத் தூக்குவேன். மூட்டு ஏறியதும் ஸ்லிங்கைப் போடச் சொல்லி என்னை அழைத்தால் நான் போவதில்லை. அந்த வேலையை உதவியாளர் செய்யட்டும்.

---

பதில் 4
பதிவிட்டவர்: ஒற்றியூர் இரவுப்பணி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. சிஸ்டர் எழுதியதை அச்சிட்டு எங்கள் அவசர அறைச் சுவரில் ஒட்டப் போகிறேன்.

இரண்டு ஐயங்கள் மீதம் இருக்கின்றன. இடுப்பு மூட்டு விலகி வருபவரையும், செயற்கை இடுப்பு மூட்டு பொருத்திய முதியவரையும் இதே முறையில் கையாளலாமா? புத்தூர் கட்டுப் போட்டுச் சில நாள் கழித்து வருபவர்களின் தோளை இரவில் தொடலாமா?

---

பதில் 5
பதிவிட்டவர்: எலும்பியல், ராயபுரம்

தம்பி, இரண்டும் முக்கியமான கேள்விகள்.

இடுப்பு மூட்டைத் தோளோடு சேர்த்து எண்ண வேண்டாம். பெரும்பாலும் வாகன விபத்தில் முழங்கால் முன்பலகையில் மோதி இடுப்பு பின்பக்கமாக விலகும். கால் குட்டையாகி உட்புறம் திரும்பியிருக்கும். அந்த அளவு விசையைத் தாங்கிய உடம்பில் வேறு காயங்கள் இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. தொடை எலும்புத் தலைக்குப் போகும் ரத்த ஓட்டம் தடைப்படுவதால் 6 மணி நேரத்துக்குள் ஏற்றியாக வேண்டும். தாமதமானால் எலும்புத் தலை செத்துப்போகும் வாய்ப்பு ஏறிக்கொண்டே போகும். ஆனால் இடுப்பைச் சுற்றியுள்ள தசைகள் தோளைவிடப் பல மடங்கு வலியவை. அவை தளர ஆழ்ந்த தூக்கமோ முழு மயக்கமோ தேவை. இழுக்கவும் இரண்டு மூன்று பேர் வேண்டும். உங்கள் இரவு அணியால் அது இயலாது. நாடியைப் பாருங்கள், பாதத்தை மேல்நோக்கித் தூக்கச் சொல்லி இடுப்பு நரம்பைச் சோதித்து எழுதி வையுங்கள், எக்ஸ்ரே எடுங்கள், வலிக்கு மருந்து கொடுங்கள், 108-ஐ அழைத்து ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்கோ மயக்க மருத்துவர் எப்போதும் இருக்கும் வேறு இடத்துக்கோ அனுப்புங்கள். முன்கூட்டியே தொலைபேசியில் சொல்லிவிட்டால் அங்கே ஆயத்தமாக இருப்பார்கள். திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் லாரிகள் அடைத்து நிற்கும் நேரத்தையும் அந்த 6 மணிக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

செயற்கை மூட்டு விலகியவருக்கு எலும்புத் தலை சாகும் கவலை இல்லை, தலையே செயற்கைதானே. வலியும் நரம்பு நசுங்குவதும்தான் கவலை. ஆகவே மயக்க மருத்துவருக்காகக் காத்திருக்க அவகாசம் உண்டு. அந்த வயதில் இதய நோய், சர்க்கரை, சிறுநீரகக் கோளாறு எல்லாம் சேர்ந்தே இருக்கும் என்பதால் காத்திருக்கத்தான் வேண்டும்.

புத்தூர் கட்டு விஷயத்தில் நோயாளியைத் திட்டாதீர்கள். திட்டினால் அடுத்த முறை நம்மிடம் வருவதை இன்னும் தள்ளிப்போடுவார். எந்த நாளில் விழுந்தார் என்பதைத் துல்லியமாகக் கேளுங்கள். மூன்று வாரத்தை நெருங்கிவிட்ட விலகலில் மூட்டைச் சுற்றித் தழும்புத் திசு படிந்து ரத்தக்குழாயோடு ஒட்டியிருக்கும். அதை இழுத்தால், அதிலும் முதியவருக்கு, அக்குள் ரத்தக்குழாய் கிழியக்கூடும். அவர்களை அறுவை அரங்கில்தான் தொட வேண்டும். இரண்டொரு நாளில் வந்தவர் என்றால் எக்ஸ்ரே பார்த்து, புய எலும்பின் கழுத்தில் முறிவு இல்லை என்று உறுதி செய்த பின் மென்மையான முறைகளை முயலலாம். முறிவு இருந்தால் கை வைக்காதீர்கள்.

எவருக்கானாலும் இரண்டு முறை முயன்று ஏறவில்லை என்றால் நிறுத்திவிடுங்கள். ஏறாத தோளுக்கு மேலும் மேலும் தூக்க மருந்தை ஏற்றிக்கொண்டே போவதுதான் விபத்து நடக்கும் வழி. தசைநாணோ எலும்புத் துண்டோ உள்ளே சிக்கியிருந்தால் எவ்வளவு மருந்துக்கும் அது ஏறாது.

ஏற்றிய பிறகு தோளின் வெளிப்புற உணர்வையும் நாடியையும் மீண்டும் பார்த்து எழுதுங்கள், மறு எக்ஸ்ரே எடுங்கள். 40 வயதைத் தாண்டியவருக்குத் தோளைச் சுற்றியுள்ள தசைநாண் கிழிந்திருக்கலாம். ஒரு வாரத்தில் கட்டாயம் வரச் சொல்லுங்கள். வலிப்பு வந்தவருக்கும் மின்சாரம் தாக்கியவருக்கும் தோள் பின்பக்கமாக விலகியிருக்கக்கூடும். நேர்ப் படத்தில் அது எளிதில் தப்பிவிடும் என்பதால் பக்கவாட்டுப் படமும் கேளுங்கள்.

குழந்தைகளைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். கையைப் பிடித்துத் தூக்கியதும் கையை அசைக்காமல் அழும் இரண்டு மூன்று வயதுக் குழந்தைக்கு முழங்கையில் ஆரை எலும்பின் தலைதான் சற்று நழுவியிருக்கும். வீக்கமோ, கீழே விழுந்த செய்தியோ இல்லை என்றால், முன்கையை உள்நோக்கி முழுதாகத் திருப்பினாலே ஏறிவிடும். தூக்க மருந்து வேண்டவே வேண்டாம்.

---

பதில் 6
பதிவிட்டவர்: மயக்கவியல், பெரம்பூர்

எல்லோரும் நிறைவாக எழுதியிருக்கிறார்கள். வீட்டுக்கு அனுப்புவதைப் பற்றி மட்டும் சேர்க்கிறேன்.

பெயர், இடம், நேரம் கேட்டால் முன்பு போலச் சொல்ல வேண்டும். பிறர் பிடிக்காமல் தானே உட்கார வேண்டும், வாந்தி இல்லாமல் கொஞ்சம் தண்ணீர் குடிக்க வேண்டும், ஆக்சிஜன் எடுத்துவிட்ட பிறகும் செறிவு முன்பிருந்த அளவில் நிற்க வேண்டும். இத்தனையும் ஆன பிறகு, பெரியவர் ஒருவர் உடன் இருந்தால் மட்டும் அனுப்புங்கள். அடுத்த 24 மணி நேரம் வண்டி ஓட்டக் கூடாது, படகில் ஏறக் கூடாது, மது கூடாது என்று உறவினரிடம் சொல்லி, தமிழில் எழுதியும் கொடுங்கள். ‘விடியற்காலை படகுக்குப் போகணும்’ என்று கெஞ்சுவார்கள். அன்றைய வருமானம் அவர்களுக்கு எவ்வளவு பெரிது என்பது நமக்குத் தெரியும். மந்தம் தீராமல் படகின் விளிம்பில் நிற்பவருக்கு என்ன நேரும் என்பதை அவருடைய மனைவியிடமோ அண்ணனிடமோ பொறுமையாகச் சொன்னால் கேட்டுக்கொள்வார்கள். ஒப்புதல் படிவத்தையும் மருந்து கொடுக்கும் முன்பே, அவர் தெளிவாக இருக்கும்போதே, மூச்சு குறையும் வாய்ப்பைச் சேர்த்துச் சொல்லி வாங்குங்கள்.

நீங்கள் இருக்கும் நிலையில் என் யோசனை இது: தோளுக்குக் கன்னிங்காம் முறை, பிறகு மூட்டுக்குள் லிக்னோகெயின். இரண்டும் பலிக்காதபோதும், இடுப்பு என்று தெரிந்த உடனும் எங்களைப் போன்றவர்களை அழையுங்கள். கேப்னோகிராபி வரும்வரை புரோபோபால் அறுவை அரங்கிலேயே இருக்கட்டும். அவசர அறை அலமாரிக்கு வர வேண்டாம். உங்கள் மயக்க மருத்துவரை அழைப்பதை, எல்லா முயற்சியும் தோற்ற பிறகு என்று வைத்துக்கொள்ளாமல், எக்ஸ்ரே எடுக்க நோயாளியை அனுப்பும்போதே செய்துவிடுங்கள். லிக்னோகெயின் ஊறும் 20 நிமிடத்தில் அவர் பாதி வழி வந்திருப்பார். தோள் அதற்குள் ஏறிவிட்டால் திரும்பிப் போகச் சொல்லலாம். அதற்காக எந்த மயக்க மருத்துவரும் வருத்தப்பட மாட்டார்.